உச்சியைப் பார்த்தபடி அடியைக் கோட்டைவிடுவது: நகர மையத்தில் ஓட்டல்களும் உயர்கட்டடங்களும் எழும்போது நடக்கும் தவறுகள்

ஒரு நகரம் வளரத் தொடங்கினால் அதன் மையத்தில் கிரேன்கள் தெரிய ஆரம்பிக்கும். கூடவே வேலி நெடுக, வரப்போகும் கட்டடத்தின் படங்களும் வந்துவிடும். அந்தப் படங்களில் எப்போதும் அந்தி நேரம்தான். கண்ணாடி பொன்னாக மின்னும், கீழே நடக்கிறவர்கள் எறும்பளவு இருப்பார்கள். பார்க்கிறவர்கள் எத்தனை மாடி என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். குப்பை வண்டி எங்கே நிற்கும், சலவைத் துணி எந்த வாசல் வழியாகப் போகும், அஸ்திவாரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது. உயர்கட்டடங்கள் சொதப்பிய கதைகளைப் பல வருடங்களாகப் படித்துவந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது: பெரும்பாலான தவறுகள் உச்சியில் நடப்பதில்லை. மண்ணுக்குள்ளும் தரைமட்டத்திலும் பின்வாசலிலும் கணக்கேட்டிலும்தான் நடக்கின்றன.

மண்ணைப் பாதி விசாரித்துவிட்டு இறங்குவது

சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் டவருக்கு 58 மாடி. 2009இல் ஆட்கள் குடியேறினார்கள். பல நூறு பைல்களை (மண்ணுக்குள் ஆழமாகப் போகும் அஸ்திவாரத் தூண்களை) இறக்கி, அவற்றின் மேல் தடித்த கான்கிரீட் பாய் விரித்து, அதன் மேல் கோபுரம் எழுப்பியிருந்தார்கள். அந்தப் பைல்கள் பாறை வரை போகவில்லை. நடுவில் இருந்த இறுகிய மணல் அடுக்கோடு நின்றுவிட்டன. அந்த மணலுக்குக் கீழே களிமண். களிமண்ணின் மேல் பாரம் ஏறினால் உள்ளே இருக்கும் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும், மண் ஒடுங்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, வருடக்கணக்காக நடக்கும். 2016 வாக்கில் கட்டடம் சுமார் 16 அங்குலம் இறங்கியிருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்காததால் சாயவும் செய்தது. கடைசியில் 18 புதிய பைல்களைப் பாறை வரை இறக்கிப் பாரத்தில் ஒரு பகுதியை அவற்றுக்கு மாற்றினார்கள். அந்த வேலை 2023இல்தான் முடிந்தது.

எல்லாக் கட்டடமும் பாறையைத் தொட்டே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் பைல்களே பெருமளவு தங்கள் பக்கங்களுக்கும் சுற்றியுள்ள நிலத்துக்கும் இடையிலான உராய்வை நம்பித்தான் நிற்கின்றன. எதை நம்பி நிற்கிறோமோ அதன் குணத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நிற்பதுதான் தவறு. மனையின் நான்கு மூலையில் துளையிட்டுப் பார்த்தால் போதும் என்று நினைப்பது, முதல் இரண்டு வருட இறக்கத்தை மட்டும் கணக்கிடுவது, பக்கத்து மனையில் நாளை யாராவது ஆழமாகத் தோண்டலாம் என்பதை யோசிக்காமல் விடுவது எல்லாம் அந்தத் தவறின் வடிவங்கள்தான்.

பக்கத்து மனைக்காரரின் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். பாஸ்டனில் ஜான் ஹான்காக் டவருக்காகத் தோண்டிய குழியின் தடுப்புச் சுவர்கள் உள்நோக்கி வளைந்தன. சுற்றியிருந்த மண் நகர்ந்தது, எதிரே இருந்த பழைய டிரினிட்டி தேவாலயத்தில் விரிசல்கள் விட்டன. ஆழமான பேஸ்மென்ட் தோண்டும்போது ஊற்று நீரை இரவு பகலாக இறைப்பார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கி, அந்த மண்ணை நம்பி நின்ற பழைய வீடுகளும் கொஞ்சம் இறங்கும். தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் விரிசலையும் தேதியோடு படமெடுத்து, அளவுக் குறிகள் பதித்துவிட வேண்டும். அந்த வீட்டுக்காரரும் தன் பங்குக்குப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விரிசல் விழுந்த பிறகு, முதலிலேயே இருந்ததா, புதிதாக வந்ததா என்று வாதாடுவது யாருக்கும் நல்லதில்லை.

சைட்டில் செய்யும் ‘சின்ன’ மாற்றம்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். கேன்சஸ் சிட்டியின் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 அன்று மாலை நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. லாபிக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து, கீழே கூடியிருந்தவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். ஓட்டல் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் மேல் பாலமும் கீழ் பாலமும் தனித்தனி நட்டுகளில் தங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டி நட்டை ஏற்றுவது சிரமம் என்று அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கியது, கீழ் பாலம் மேல் பாலத்தின் உத்திரத்திலிருந்து தொங்கியது. ஒரே கயிற்றில் இரண்டு குடங்களைத் தனித்தனி முடிச்சில் கட்டுவது வேறு, மேல் குடத்தின் கழுத்தில் கீழ் குடத்தைக் கட்டித் தொங்கவிடுவது வேறு. கயிற்றுக்கு இரண்டும் ஒரே பாரம்தான். ஆனால் மேல் முடிச்சுக்கு இரண்டு மடங்கு. முதல் வரைபடமே விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் எட்டியிருந்தது என்பது பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த மாற்றத்துக்குப் பிறகு யாரும் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடவில்லை.

இதைப் போலவே நியூயார்க்கின் சிட்டிகார்ப் சென்டர். 59 மாடி. மூலைகளில் தூண் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு தூண் வைத்துக் கட்டப்பட்டது. அதன் சட்டக இணைப்புகளை வெல்டிங் செய்வதாக இருந்தது. கட்டும்போது போல்ட்டாக மாறியது. காற்று மூலைவாட்டில் அடித்தால் அந்த போல்ட்டுகள் தாங்குமா என்ற கேள்வி 1978இல், கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் எழுந்தது. பல இரவுகளாகச் சத்தமில்லாமல் உள்ளே எஃகுத் தகடுகளை வெல்டிங் வைத்து வலுப்படுத்தினார்கள். பொதுமக்களுக்கு அது தெரியவந்தது 1995இல்.

லாஸ் வேகஸில் ஹார்மன் என்ற ஓட்டலுக்கு 49 மாடி திட்டமிட்டார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டிய விதம் தவறு என்று 2008இல் தெரிந்தது. உயரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஒரு விருந்தினர்கூடத் தங்காத அந்தக் கட்டடத்தை 2014இல் தொடங்கி மாடி மாடியாகப் பிரித்து இறக்கினார்கள்.

சைட்டில் மாற்றமே கூடாது என்று சொல்ல முடியாது. மாற்றம் வரத்தான் செய்யும்: பொருள் கிடைக்காது, அளவு ஒத்துவராது, நேரம் போதாது. பாரத்தைச் சுமக்கும் எதையாவது மாற்றினால், எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், அது எழுத்தில் வடிவமைப்புப் பொறியாளரிடம் திரும்பிப் போக வேண்டும். அவர் மறுபடி கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். “இதுவும் அதுவும் ஒன்றுதான் சார்” என்ற வாய்வார்த்தையில் வேலை நகரக் கூடாது. கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், அந்த ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். ஊற்றிய பிறகு உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை.

அறை கிடைக்காத மூன்று இரவை வைத்து ஓட்டல் கணக்குப் போடுவது

ஒரு பெரிய மாநாடு நடக்கும் வாரத்தில் நகரத்தில் அறையே கிடைக்காது. உடனே, இந்த ஊருக்கு ஓட்டல் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓட்டல் பிழைப்பது அந்த மூன்று இரவால் இல்லை. மாநாடு இல்லாத மாதத்தின் ஞாயிற்றுக்கிழமை இரவில் எத்தனை அறையில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழில்நிமித்தப் பயணிகளை நம்பும் நகர மைய ஓட்டலுக்கு அதுதான் மெலிந்த இரவு. கணக்கு அங்கே தொடங்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் அதே வாய்ப்பை அந்த நேரத்தில் இன்னும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டல்காரர்கள் பார்க்கும் முக்கியமான எண், இருக்கும் அறை ஒன்றுக்குக் கிடைக்கும் வருவாய். எத்தனை சதவீத அறைகள் நிரம்பின என்பதைச் சராசரி வாடகையால் பெருக்கினால் அது வரும். நூறு அலகு வாடகையில் 80 சதவீதம் நிரம்பினால் அறைக்கு 80 அலகு. அதே வட்டாரத்தில் ஒரே வருடத்தில் நாலைந்து ஓட்டல்கள் திறக்கின்றன என்று வையுங்கள். நிரம்புவது 65 சதவீதமாகிறது, போட்டியில் வாடகையும் 85க்கு இறங்குகிறது. அறைக்கு இப்போது 55 அலகுதான். வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மின்சாரமும் சம்பளமும் கடன் வட்டியும் அந்த அளவுக்குக் குறையுமா? குறையாது. புதிய ஓட்டல் ஒன்று நிலைபெற மூன்று வருடமாவது ஆகும் என்றுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கணக்கு வைப்பார்கள். முதல் வருடத்திலேயே முழு வருவாய் காட்டும் திட்ட அறிக்கை கையில் வந்தால் அதை மூடி வைத்துவிடலாம்.

காலமும் ஏமாற்றும். யோசனை தோன்றிய நாளிலிருந்து கதவு திறக்கும் நாள்வரை நாலைந்து வருடம் ஓடிவிடும். செழிப்பில் நினைத்தது மந்தத்தில் முடியும். எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல், பெருமந்தத்தின் நடுவில் திறந்தது. வாடகைக்கு ஆள் வராமல் ‘எம்ப்டி ஸ்டேட்’ என்று ஊரே பெயர் வைத்தது. பாங்காக்கின் சாதோர்ன் யூனிக் கிட்டத்தட்ட ஐம்பது மாடி எழும்பிய நிலையில் 1997 நிதி நெருக்கடியில் நின்றுபோனது. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் ஓட்டலும் வீடுகளுமாக மூன்று கோபுரங்களாகத் திட்டமிட்ட ஓஷன்வைட் பிளாசா பணம் தீர்ந்து 2019இல் நின்றது. 2024 தொடக்கத்தில் இளைஞர்கள் ஏறி மாடி மாடியாகப் பெயின்ட் எழுத்துகள் எழுதியபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பியாங்யாங்கின் ரியுக்யாங் ஓட்டல் 105 மாடி, 1987இல் தொடங்கியது. நாற்பது வருடங்களை நெருங்கியும் விருந்தினர் யாரும் தங்கியதில்லை.

பாதியில் நிற்கும் கோபுரம் சொந்தக்காரரின் நஷ்டத்தோடு முடிவதில்லை. சுற்றியுள்ள கடை, நடைபாதை, வெளிச்சம் எல்லாவற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். எனவே ஒரே மூச்சில் மூன்று கோபுரங்களைத் தொடங்குவதைவிட, ஒன்று மட்டும் முடிந்தாலும் அது தனியாக இயங்கும்படி கட்டங்களாகப் பிரிப்பது பாதுகாப்பு. நகர நிர்வாகமும் முடித்துத் தருவதற்கான நிதி உத்தரவாதத்தை, குழி தோண்ட அனுமதிக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஆழக் குழியோடு நின்றுபோன மனையைவிட மோசமான அண்டை வேறில்லை.

தெருவுக்கு முதுகு காட்டுவது

நகர மையத்தை உயிர்ப்பிக்கத்தான் இந்தக் கட்டடங்கள் வருகின்றன என்கிறார்கள். அப்படியானால் அவை தெருவோடு எப்படிப் பேசுகின்றன என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். டெட்ராயிட்டின் ரினைசான்ஸ் சென்டர் 1977இல் திறந்தது, நடுவில் 73 மாடி ஓட்டல். நகர மையத்துக்குப் புத்துயிர் தரும் என்று சொல்லித்தான் கட்டினார்கள். ஆனால் தெருப் பக்கமாகக் காங்கிரீட் மேடுகள் எழுப்பி, ஒரு கோட்டை போல அதை அடைத்துவிட்டார்கள். உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள், வெளியே நடந்தவர்களுக்கு வாசல் தெரியவில்லை. பல வருடம் கழித்து, கட்டடம் கைமாறிய பின், அந்த மேடுகளை இடித்துக் கண்ணாடி வாசல் வைத்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் 1985இல் திறந்த மாரியட் மார்க்வி ஓட்டலுக்காக 1982இல் பழைய நாடக அரங்குகளை இடித்தார்கள். அந்த ஓட்டலின் லாபி எட்டாவது மாடியில் இருந்தது. உலகின் மிகப் பரபரப்பான தெருமுனைகளில் ஒன்றில் அறை எடுத்தவர், லிஃப்ட் ஏறிய பிறகுதான் ஓட்டலுக்குள் வந்த உணர்வையே பெறுவார்.

இன்று இந்தத் தவறு பெரும்பாலும் பார்க்கிங் உருவத்தில் வருகிறது. பூமிக்குள் தோண்டச் செலவு அதிகம் என்று முதல் ஆறேழு மாடிகளைக் கார்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கண்மட்டத்தில் நடப்பவருக்குக் கிடைப்பது நூறடி நீளத் தகரத் தடுப்பும் எக்ஸாஸ்ட் காற்றும். கார்கள் மேலே இருந்தே தீர வேண்டும் என்றால் தெருவோரமாக ஓர் அறை அகலத்துக்காவது கடையோ அலுவலகமோ வைத்து, கார்களை அதற்குப் பின்னால் மறைக்கலாம். அந்த மாடிகளைச் சரிவாகக் கட்டாமல் சமதளமாக, தாராளமான உயரத்தோடு கட்டினால், கார் தேவை குறையும் ஒரு நாளில் அவற்றை அறைகளாக மாற்றலாம். சரிவாகக் கட்டிவிட்டால் அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது.

தெருவை அடைப்பது ஒரு தவறு என்றால், பயனில்லாமல் திறந்துவிடுவது அதன் மறுபக்கம். நியூயார்க்கில் 1915இல் எழுந்த எக்விட்டபிள் கட்டடம் மனை முழுவதையும் அடைத்து நேராக மேலே போனது. அக்கம்பக்கம் வெயிலை இழந்தது. அது கிளப்பிய கோபமும் சேர்ந்து 1916இல் நகரம் விதி கொண்டுவந்தது: மேலே போகப் போக உள்வாங்க வேண்டும். 1961இல் அந்த விதி மாறி, கீழே பொதுச் சதுக்கம் விட்டால் மேலே கூடுதல் தளப்பரப்பு என்று சலுகை தந்தார்கள். சதுக்கங்கள் நிறைய வந்தன. ஆனால் அவற்றில் பல, உட்கார ஒரு திண்டுகூட இல்லாத வெற்றுக் கல்தரைகள். விதி பரப்பளவைக் கேட்டது, உட்காரும் இடத்தையும் நிழலையும் கேட்கவில்லை. பிறகுதான் இருக்கை இத்தனை அடி, மரம் இத்தனை என்று திருத்தினார்கள். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. (மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) கொடுக்கும் எந்த நகரமும் இதைக் கவனிக்க வேண்டும். கேட்டு வாங்குவதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும்.

வான்கூவர் வேறு வழியில் போனது. அடியில் மூன்று நாலு மாடியில் தெருவோடு ஒட்டிய வீடுகளும் கடைகளும், அவற்றுக்கு மேல் மெலிந்த கோபுரங்கள், கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 24 மீட்டர் இடைவெளி. எல்லா ஊருக்கும் அது அப்படியே பொருந்தாது. ஆனால் கீழ் மாடிகளையும் மேல் மாடிகளையும் இரண்டு வேறு கட்டடங்களாக நினைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் எங்கும் உதவும்.

காற்றையும் வெயிலையும் மறப்பது

உயரத்தில் அடிக்கும் காற்று கட்டடத்தின் முகத்தில் மோதி, சுவர் வழியாக நேராகக் கீழே இறங்கும். மூலைகளில் வேகம் கூடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் அடியில் 2011இல் இப்படி ஒரு காற்று லாரியையே சாய்த்தது. நடந்து போனவர் ஒருவர் இறந்தார். பிறகு தெருவின் மேல் பெரிய காற்றுத் தடுப்புகளை அமைத்தார்கள். கீழே அகலமான அடிமாடிகள் இருந்தால் இறங்கும் காற்றை அவை தாங்கி மடைமாற்றும். காற்றுச் சோதனையில் கட்டடத்தின் பலத்தை மட்டும் சோதித்தால் போதாது. பாதசாரியின் உயரத்தில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

உள்குழிந்த கண்ணாடிச் சுவர் இன்னொரு பிரச்சினை. அது பூதக்கண்ணாடி மாதிரி வெயிலை ஓர் இடத்தில் குவிக்கும். லண்டனின் 20 பென்சர்ச் தெருக் கட்டடம் 2013 கோடையில் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பே லாஸ் வேகஸின் விடாரா ஓட்டலில் நீச்சல் குளத்தருகே படுத்திருந்தவர்கள் இதே சூட்டை அனுபவித்திருந்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே கட்டடக் கலைஞர்.

புகை மேலே போகும் என்பதை மறப்பது

லாஸ் வேகஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் 1980 நவம்பர் 21 அன்று தீ தரைத்தளத்து உணவகத்தில் பிடித்தது. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே, புகையால் இறந்தார்கள். லிஃப்ட் குழியும் படிக்கட்டும் கட்டட இடைவெளிகளும் புகைக்குப் புகைபோக்கியாகிவிட்டன. படிக்கட்டுக்குள் வந்தவர்களால் திரும்பவும் மாடிக்குள் நுழைய முடியவில்லை, கதவுகள் பின்னால் பூட்டிக்கொண்டன. உணவகத்தில் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இல்லை. அது 24 மணி நேரமும் இயங்கும், எப்போதும் ஆள் இருப்பார்கள், தீப்பிடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். நாளடைவில் உணவகத்தை இரவில் மூடத் தொடங்கினார்கள். விலக்கு மட்டும் அப்படியே நின்றது. கேன்சஸ் சிட்டியில் கம்பி மாறியது, இங்கே பயன்பாடு மாறியது. இரண்டிலும் மறுகணக்கு இல்லை.

வெளிச்சுவர்ப் பலகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டும் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவதுதான். லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 2017இல் 72 பேர் இறந்ததற்கு, பிளாஸ்டிக் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகை வழியாக நெருப்பு வெளியே ஏறியது முக்கியக் காரணம். பேஸ்மென்டில் ஜெனரேட்டரும் மின்பலகையும் வைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2012இல் சாண்டி புயல் வெள்ளம் நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்கோடியில் புகுந்தபோது, தண்ணீர் வடிந்த பிறகும் பல கோபுரங்கள் இருட்டிலேயே கிடந்தன.

பின்வாசல்

ஓட்டலை வீட்டு அடுக்குமாடி போல நினைத்து வடிவமைப்பது பரவலாக நடக்கிறது. விருந்து மண்டபத்துக்கு நடுவில் தூண் கூடாது. அறைகள் அடுக்கிய கோபுரமோ தூண்களின் மேல்தான் நிற்கும். மண்டபத்தைக் கோபுரத்துக்கு நேர் கீழே வைத்தால், மேலிருந்து வரும் பாரத்தை ஓரங்களுக்குத் திருப்ப ராட்சத உத்திரங்கள் தேவைப்படும். மண்டபத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினாலே அந்தச் செலவு போய்விடும். விருந்தினர் லிஃப்டுகளை எண்ணி வைத்துவிட்டு, சர்வீஸ் லிஃப்ட் ஒன்று போதும் என்று விடுவதும் அடிக்கடி நடக்கிறது. காலை பதினோரு மணிக்கு நூறு அறைகளின் அழுக்குத் துணியும் உணவுத் தட்டும் குப்பையும் ஒரே நேரத்தில் கீழே வர வேண்டும். விருந்தினர் லிஃப்டில் பாதியளவாவது சர்வீஸ் லிஃப்ட் வேண்டும் என்பது என் கணக்கு.

சரக்கு லாரி உள்ளே வந்து, திரும்பி, முகம் முன்னே வைத்து வெளியேற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது தெருவில் நின்று பின்னோக்கி வரும், தினமும், காலை நெரிசலில். சுற்றுலாப் பேருந்து நிற்க இடம் இல்லையென்றால் பேருந்துத் தடத்தில் நிற்கும். டாக்ஸி வரிசைக்கு இடம் இல்லையென்றால் நடைபாதையை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், அங்கே வேலை செய்கிறவர்கள். நள்ளிரவு ஷிப்ட் முடித்து வெளியே வருபவர், விடியலுக்கு முன் சமையலறைக்கு வருபவர், நாளெல்லாம் படுக்கை விரிப்பவர். நகர மையத்தில் வாடகை ஏறியதால் இவர்கள் தூரத்தில் குடியிருப்பார்கள். கடைசிப் பேருந்து பதினோரு மணிக்குப் போய்விட்டால் இரவு ஒரு மணிக்கு அவர்கள் எப்படி வீடு போவார்கள்? போக்குவரத்து ஆய்வு அறிக்கைகளில் விருந்தினரின் காருக்குப் பத்துப் பக்கம் இருக்கும், இதற்கு ஒரு வரிகூட இருக்காது. அனுமதி விசாரணைக்குப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள்: ஊழியர் வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது, அங்கே விளக்கு இருக்கிறதா, அங்கிருந்து இரவுப் பேருந்து நிறுத்தம் எத்தனை அடி தூரம். வரைபடத்தில் அந்த வாசலை அவர்கள் உடனே விரல் வைத்துக் காட்டுகிறார்களா, தேடுகிறார்களா என்றும் பாருங்கள்.